வீட்டுப் பட்டறையில் ஒரு நீராவி இன்ஜின்

"நீராவி இன்ஜினை ரயில்வேயே கைவிட்டு முப்பது வருஷம் ஆகப்போகிறது. இப்போது அதை வீட்டில் உட்கார்ந்து செய்வானேன்?" தொம்மலூரில் என் வீட்டுக்கு வருகிற நண்பர்களில் பாதிப் பேர் இப்படிக் கேட்கிறார்கள். மீதிப் பேர் மரியாதைக்காகக் கேட்காமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லும் சாக்கில், பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு விஷயத்தையும் வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில், நான் சொல்வது எது என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். கடையில் வாங்கி மின்சாரத்தில் ஓட்டும் பொம்மை ரயில் அல்ல. உண்மையான கரி போட்டு, உண்மையான தண்ணீரைக் கொதிக்க வைத்து, உண்மையான நீராவியில் ஓடுகிற சிறிய இன்ஜின். பாதையின் அகலம் மூன்றரை அங்குலம். இன்ஜினின் நீளம் ஒன்றரை முழத்துக்குச் சற்று கூட. ஆனால் பின்னால் ஒரு சிறு வண்டியைக் கோத்து அதில் நாம் உட்கார்ந்தால், நம்மை இழுத்துக்கொண்டு போகும். சக்கரம், சிலிண்டர், பிஸ்டன், வால்வு, பாய்லர், தண்ணீர்க் கண்ணாடி, சேஃப்டி வால்வு, விசில் எல்லாம் பெரிய இன்ஜினில் செய்கிற வேலையையே இதிலும் செய்கின்றன. ஓய்வு பெற்ற மறு வருஷம் வேலையைத் தொடங்கினேன். கார் நிறுத்தும் இடத்தில் பழைய லேத் ஒன்று, ஒரு துளைபோடும் இயந்திரம், வைஸ் ஒன்று, அரங்கள் சில. இவ்வளவுதான் பட்டறை. நான்கு ஆண்டுகள் பிடித்தன.

ரயிலோடு வந்தவர்கள் நாம்

1864ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் வரை ரயில் வந்தது. அன்றிலிருந்து அந்த இருப்புப் பாதை வழியே வந்து இறங்கிய தமிழர்கள் எத்தனை ஆயிரம்! தண்டு ராணுவத்திலும், மில்களிலும், கோலார் தங்கவயலிலும், பிறகு எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. போன்ற ஆலைகளிலும் கையால் வேலை செய்து பிழைத்தவர்கள்தாம் நம்மில் பலருடைய தாத்தாக்கள். தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த எழுத்தைக் கல்லில் கொத்தியவனுடைய உளியையும் கையையும் நினைக்கிறோமா?

இன்று நம் பிள்ளைகள் கணிப்பொறி முன் அமர்ந்து நல்ல சம்பளம் வாங்குகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. என் மகனும் அப்படித்தான். என் கவலை வேறு. ஒரு மரையாணி எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதுகூடக் கையால் தெரியாத ஒரு தலைமுறை நம் வீடுகளில் வளர்கிறது. பொறியியல் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பையனிடம், குக்கரின் மேல் இருக்கும் குண்டு எதற்கு என்று கேட்டேன். "விசில் அடிப்பதற்கு" என்றான். அந்தக் குண்டின் எடைதான் உள்ளே உள்ள அழுத்தத்தை ஏறத்தாழ ஒரு கிலோவில் நிறுத்துகிறது என்பதும், அதனால்தான் தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறிப் பருப்பு சீக்கிரம் வேகிறது என்பதும் அவன் படித்த பாடத்தில் இருக்கிறது. ஆனால் பாடமும் குக்கரும் அவன் மனதில் சந்தித்ததே இல்லை. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதைச் சொன்னதும் அவன் அடுக்களைக்கு ஓடினான், தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. அந்த ஓட்டம்தான் எனக்கு வேண்டியது.

சிறியது பெரியதுக்குக் கற்பித்த கதை

மாதிரி இன்ஜின் என்றால் பெரியதைப் பார்த்துச் சிறியது செய்வது என்றுதான் நினைக்கிறோம். வரலாறு அப்படி இல்லை. ரிச்சர்ட் டிரெவிதிக் 1804இல் வேல்ஸ் நாட்டில் தண்டவாளத்தின் மேல் முதல் நீராவி இன்ஜினை ஓட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர் சிறு மாதிரிகளைச் செய்து ஓட்டிப் பார்த்திருந்தார். அதற்கும் முன்னால் ஜேம்ஸ் வாட் கதை. 1763–64 வாக்கில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த நியூகோமன் இன்ஜினின் சிறு மாதிரி ஒன்றைப் பழுது பார்க்க அவரிடம் கொடுத்தார்கள். பெரிய இன்ஜின் ஓடுகிறது, மாதிரி மட்டும் சில முறை அசைந்துவிட்டு நின்றுபோகிறது. ஏன் என்று யோசித்தார். ஒவ்வொரு அடியிலும் சிலிண்டரைச் சூடாக்கிக் குளிர வைப்பதில் நீராவி பெருமளவு வீணாவதைக் கண்டார். நீராவியைத் தனிப் பாத்திரத்தில் குளிர வைத்தால் என்ன என்ற எண்ணம் 1765இல் அவருக்கு வந்தது. மாதிரி ஓடாமல் நின்றதனால் பிறந்த எண்ணம் அது.

மாதிரியில் மட்டும் அந்த நஷ்டம் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது? கணக்கு எளியது. மீட்டர் கேஜ் இன்ஜினை மூன்றரை அங்குலப் பாதைக்குச் சுருக்கினால் நீளம் ஏறத்தாழ 11இல் ஒரு பங்காகிறது. பரப்பு 121இல் ஒரு பங்கு. கொள்ளளவோ 1,331இல் ஒரு பங்கு. அதாவது உள்ளே இருக்கும் நீராவி குறைகிற அளவுக்கு, சூட்டை வெளியே விடுகிற சுவர் குறைவதில்லை. ஆகவே சின்ன இன்ஜின் பெரியதைவிடச் சீக்கிரம் ஆறிப்போகும். தண்ணீர்க் கண்ணாடியையும் அதே விகிதத்தில் சுருக்கினால், குழாய் ஊசித் துளைபோல் ஆகி, தண்ணீர் அதன் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு பொய்யான மட்டத்தைக் காட்டும். அதனால் அதைச் சற்றுப் பெரிதாகவே வைக்க வேண்டும். வரைபடத்தைச் சுருக்கலாம், இயற்கையைச் சுருக்க முடியாது. பத்தாம் வகுப்பில் பரப்பும் கனஅளவும் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

இங்கிலாந்தில் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் ஒருவர் எழுதினார். தாம் ஒரு காலத்தில் வேலை பார்த்த ரயில் கம்பெனியின் பெயர்ச் சுருக்கத்தையே புனைபெயராக வைத்துக்கொண்டவர். 1898இல் தொடங்கிய 'மாடல் இன்ஜினியர்' பத்திரிகையில் 1920களிலிருந்து பல பத்தாண்டுகள், சாதாரணத் தொழிலாளி வீட்டில் செய்யக்கூடிய சிறு இன்ஜின்களை ஒவ்வொரு திருகாக விளக்கி எழுதினார். சிறு பாய்லரில் கரி எரித்து ஆளை இழுக்க முடியாது என்று வாதிட்டவர்களுக்கு 1924இல் ஓட்டியே காட்டினார். அவருடைய எழுத்தின் பலம், படித்தவன் உடனே அரத்தை எடுக்கத் தூண்டுவதுதான். தமிழில் அப்படி ஒரு தொடர் ஏன் வரக் கூடாது என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பட்டறைத் தமிழ்

நம் சங்கத்தில் மொழியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இலக்கியத்தைப் பற்றியே பேசுகிறோம். பட்டறையிலும் ஒரு தமிழ் இருக்கிறது. உலோகத்தை வெட்டிய பிறகு ஓரத்தில் நிற்பது பிசிறு. தண்டும் துளையும் சரியாகப் பிடிக்காமல் இருந்தால் ஆட்டம். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். லேத்தில் செய்வது கடைசல். திருகின் வரி மரை. பற்ற வைக்கும்போது தூவுவது வெண்காரம். கன்னார் தெருவில் செம்புப் பாத்திரம் செய்தவர்களுக்கு இந்தச் சொற்கள் எல்லாம் பாடம். பொன்மலையில் நான் பயிற்சி பெற்றபோது எனக்கு வேலை கற்பித்த ஃபிட்டர், கடைசியாக அரம் இழுக்கும்போது "கை சொல்கிறதைக் கேள்" என்பார். டிப்ளமோவில் நான் படித்தவற்றுக்கு அவர் வாயில்தான் உயிர் வந்தது.

வெளி மாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளுக்குத் தமிழ் என்றால் வீட்டில் சாப்பிடக் கூப்பிடும் மொழி, அல்லது மேடையில் ஒப்பிக்கும் மொழி. துல்லியமான ஒரு காரியத்தைச் செய்யும் மொழியாக அவர்கள் அதைக் கேட்பதே இல்லை. "ஒரு நூல் கூட இருக்கிறது, அரத்தில் எடு" என்று சொல்லி, பேத்தி அதை எடுத்துக் காட்டினால், அந்த இடத்தில் தமிழ் வேலை செய்கிறது. எதிர் வீட்டுக் கன்னடப் பையனும் இங்கே வருகிறான். அவனும் என்னைத் 'தாத்தா' என்றே கூப்பிடுகிறான். கன்னடத்திலும் அதே சொல்தானே! பிசிறு என்றால் என்ன என்று இப்போது அவனுக்கும் தெரியும்.

யாரும் வந்து சோதிக்காத பாய்லர்

இனி நான் மிகவும் கவனமாகச் சொல்ல வேண்டிய பகுதி. சிறு இன்ஜினின் சக்கரத்திலோ பிஸ்டனிலோ பிழை இருந்தால் இன்ஜின் ஓடாது, அவ்வளவுதான். பாய்லரில் பிழை இருந்தால் விபத்து. சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் உள்ள தண்ணீரின் வெப்பம் 160 டிகிரிக்கு மேல். பாய்லர் திடீரென்று பிளந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு அக்கணமே நீராவியாகிச் சீறும். தண்ணீர் முழுதாக நீராவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு லிட்டர்கூடக் கொள்ளாத பாய்லர்தானே என்று அலட்சியம் கூடாது.

பெரிய பாய்லர்களுக்கு நம் நாட்டில் 1923 முதல் சட்டம் உண்டு. அதற்குப் பதிலாக 2025இல் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. இதிலும் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ள பாய்லருக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள். ஆகவே நம் வீட்டுப் பாய்லரைப் பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். இதைச் சிலர் சௌகரியம் என்கிறார்கள். நான் பொறுப்பு என்கிறேன். சட்டம் கேட்காத இடத்தில்தான் கட்டுப்பாடு நம்மிடமிருந்து வர வேண்டும்.

சோதனை முறை ஒன்றும் ரகசியமல்ல. செம்புத் தகட்டையும் குழாய்களையும் வெள்ளிப் பற்றால் இணைக்க வேண்டும். சாதாரண ஈயப் பற்று இந்தச் சூட்டுக்கு நிற்காது. முடிந்ததும் பாய்லரில் குளிர்ந்த தண்ணீரைக் காற்றில்லாமல் நிரப்பி, கைப் பம்பால் ஓடும் அழுத்தத்தைப் போல இரு மடங்கு ஏற்ற வேண்டும். 80 பவுண்டில் ஓடப் போவதானால் 160. குளிர்ந்த தண்ணீர் அமுங்குவது மிகக் குறைவு. அதனால் எங்காவது விட்டுக்கொடுத்தால் ஒரு துளி கசியும், அழுத்தம் இறங்கும், வெடிக்காது. காற்றை அடைத்துச் சோதிப்பது கூடவே கூடாது. அமுங்கிய காற்று, இழுத்து வைத்த வில்லைப் போன்றது. குளிர் சோதனையில் தேறிய பிறகே நெருப்பு. சேஃப்டி வால்வு இரண்டு இருக்கட்டும். நெருப்பை எவ்வளவு ஊதினாலும் அழுத்தம் குறித்த அளவைத் தாண்டாமல் அவை திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்தவரே செய்து தேறியதாக எழுதிக்கொள்ளக் கூடாது. இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஷெட்டில் நாங்கள் பழகிய ஒழுங்கு அது.

மறையும் கைகள்

"பழைய தொழில்நுட்பம் போனால் போகட்டுமே" என்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

நீராவியின் தாயகமான இங்கிலாந்தில் ஆர்வலர்கள் சேர்ந்து 1990இல் ஒரு டிரஸ்ட் அமைத்து, 'டார்னேடோ' என்ற புதிய எக்ஸ்பிரஸ் இன்ஜினைக் கட்டத் தொடங்கினார்கள். 2008இல் அது ஓடியது. ஆனால் அதன் பாய்லரைச் செய்ய ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனைக்குப் போக வேண்டியிருந்தது. ஸ்டீபன்சன் பிறந்த நாட்டிலேயே அந்தக் கைகள் அருகிவிட்டன.

அடுத்தது நம் பொன்மலை. தென்னிந்திய ரயில்வே 1928இல் திருச்சியில் நிறுவிய பணிமனை அது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் 46 கிலோமீட்டர் மலைப் பாதையில், குன்னூர் வரையுள்ள பல் சக்கரத் தண்டவாளத்தில் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்று சொல்லத்தக்க ஏற்றத்தை ஏறுகிற எக்ஸ் வகை இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்தவை. அவை முதுமை அடைந்தபோது, வெளிநாட்டுக்கு எழுதிக் கேட்காமல், 2010க்குப் பிறகு பொன்மலையிலேயே அதே வகையில் புதிய நீராவி இன்ஜின்களைக் கட்டினார்கள். அது முடிந்ததற்குக் காரணம், நாடு முழுவதும் நீராவி ஓய்ந்த பிறகும் அந்த ஒரு பணிமனையில் மலை ரயிலுக்காக வேலை தொடர்ந்து நடந்ததும், கை கைக்குச் சொல்லிக் கொடுத்ததும்தான். காகிதத்தில் உள்ள வரைபடம் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைச் சொல்லும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் கைதான் சொல்லும்.

அகலப் பாதையில் கடைசியாக அட்டவணைப்படி ஓடிய நீராவி ரயில் 1995 டிசம்பரில் பஞ்சாபில் நின்றது. அப்போது இளைஞராகக் கரி அள்ளிய ஃபயர்மேனுக்கும் இன்று அறுபது நெருங்கிவிட்டது அல்லது தாண்டிவிட்டது. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள். அதற்குள் கேட்டுக்கொள்ளாவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது. பெங்களூரில் நம்மவரிடையே ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள், டர்னர்கள், அச்சு செய்தவர்கள், வெல்டர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். காலையில் பூங்காவில் நடக்கிறார்கள், மாலையில் தொலைக்காட்சி பார்க்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் கல்வியை யாரும் கேட்பதில்லை.

மறுப்புகளும் விடைகளும்

செலவு பற்றிக் கேட்பார்கள். லேத் நீங்கலாக, எனக்கு நான்கு ஆண்டுகளில் பரவலாக ஆன செலவு ஒரு சாதாரண மோட்டார் சைக்கிளின் விலையைத் தாண்டவில்லை. இரும்புத் தகடும் பித்தளைக் கம்பியும் பழைய சாமான் கடைகளில் எடைக்குக் கிடைக்கின்றன. செம்புதான் விலை. வார்ப்புச் சக்கரங்களுக்கு நான் மரத்தில் அச்சு செய்து கொடுத்தேன், பீன்யாவில் ஒரு சிறு ஃபவுண்டரியில் வார்த்துக் கொடுத்தார்கள்.

அடுக்குமாடியில் இடம் எங்கே என்பார்கள். நியாயம்தான். இரவில் அரம் இழுத்தால் பக்கத்து வீட்டார் பொறுக்கமாட்டார்கள். அதனால்தான் பொதுப் பட்டறை வேண்டும் என்கிறேன். ஆபத்து பற்றியும் கேட்பார்கள். சோதித்த பாய்லர், கண்ணுக்குக் கண்ணாடி, குழந்தையின் அருகில் ஒரு பெரியவர், இந்த மூன்றும் இருந்தால் பயம் தேவையில்லை. பெண் குழந்தைகளுக்கு இது எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டார். பற்ற வைப்பதில் என் பேத்தியின் கை, பேரன் கையைவிட நிதானமானது என்பதே என் பதில்.

பள்ளிகள் செய்யட்டுமே என்றும் சொல்வார்கள். ஒரு பள்ளியில் இன்ஜினைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுகிறேன், காசு வேண்டாம் என்றேன். பாடத்திட்டத்தில் இல்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு அவர்கள் அவசரம். ஆகவே நாமேதான் செய்ய வேண்டும்.

என் வேண்டுகோள்

எல்லோரும் இன்ஜின் கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சங்கத்தின் முன் மூன்று சிறிய யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, நம் உறுப்பினர்களில் கைத்தொழில் தெரிந்த ஓய்வு பெற்றவர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். இரண்டு, சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், ஒரு வைஸும் பத்து அரமும் கொண்ட பட்டறை வகுப்பு, தமிழில். முதல் மாதம் ஒரு பித்தளைத் துண்டைச் சதுரமாக அரத்தால் தேய்த்தால் போதும். மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒளி கசியக் கூடாது. அந்தச் சதுரம் கைவந்த பிள்ளைக்கு மற்றதெல்லாம் வரும். மூன்று, ஒரு கைப் பம்பும் நம்பகமான அழுத்தமானியும் வாங்கி வைத்து, இந்த நகரில் யார் சிறு பாய்லர் செய்தாலும், எம்மொழிக்காரராயினும், இலவசமாகச் சோதித்துக் கொடுக்க இரண்டு பேர் கொண்ட குழு. அதில் ஓர் இடத்துக்கு நான் தயார். இன்னொருவர் வேண்டும்.

மைசூர் ரயில் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகிறோம். அங்கே இன்ஜின்கள் நிற்பதைப் பார்க்கிறார்கள், அவற்றின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நிற்கிற இன்ஜினிடம் கேள்வி கேட்க முடியாது. நெருப்பு மூட்டி, தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, அழுத்தம் ஏறக் காத்திருந்து, ரெகுலேட்டரைத் தானே மெல்லத் திறக்கிற குழந்தைக்குக் கேள்விகள் தானாக வரும். அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமைகளில் ஒன்றை அவர்களுக்காக ஒதுக்கும்படி சங்கப் பொறுப்பாளர்களையும் பெற்றோர்களையும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.